இடுப்பில் மடங்கும் டிராக்டரும் மாமாவின் கேள்வியும்

போன டிசம்பரில் மாமா புனேவுக்கு வந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மன்னார்குடி பக்கம் ஏழு ஏக்கர் நஞ்சை, 1998ல் வாங்கிய ஒரு மாஸி ஃபெர்குசன் டிராக்டர், யார் சொன்னாலும் காதில் வாங்காத குணம். இவைதான் அவர் சொத்து. சனிவார்வாடா, சிங்ககட் என்று நான் பெரிய பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அவரோ மராத்தி பேப்பரில் (படிக்கத் தெரியாது, படம் பார்த்துத்தான்) மோஷியில் கிசான் கண்காட்சி நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் என்ன, ஹடப்சரிலிருந்து நாசிக் ரோட்டைப் பிடித்து, டிராஃபிக்கில் ஊர்ந்து, போய்ச் சேர்ந்தோம்.

சொட்டுநீர்க் குழாய், பம்ப்செட், மாட்டுத் தீவனம் எல்லாவற்றையும் அரை நிமிடம் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு ஸ்டாலில் மட்டும் நின்றுவிட்டார். சாதாரண டிராக்டர்தான். மேலே வெள்ளைக் காளான் மாதிரி ஒரு ஆண்டெனா. டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஸ்டீயரிங் தானாக இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திரும்பிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் பார்த்து ஓட்டும் டிராக்டர்!

"மாப்ளே, இவன் புது வண்டியில மாட்டிக் காட்டுறான். பழைய வண்டியில மாட்ட முடியுமான்னு கேளு."

என் ஓட்டை ஹிந்தியில் கேட்டேன். "எந்த வருஷ மாடல் காகா?" என்றான் அந்தப் பையன். 98 என்றதும் சிரித்துவிட்டு, ஸ்டீயரிங் என்று ஒன்று இருந்தால் மாட்டிவிடலாம் என்றான். விலை சொன்னான். மாமாவின் வண்டியை இன்றைக்கு விற்றால் வருவதைவிட அதிகம். வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போது மாமா சொன்னார்: "வண்டி நல்லாத்தானே ஓடுது. அதுக்குக் கண்ணு மட்டும் வாங்கி வச்சா போதாதா?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. ரெண்டு வருஷம் முன்னால் ஊருக்குப் போனபோது, "இந்தப் பழைய இரும்பைத் தள்ளிட்டுப் புதுசு வாங்குங்க மாமா, லோனுக்கு நான் வழி சொல்றேன்" என்று சொன்னவன் நான்தான். பி.காம். படித்தவன், அதற்கு மேல் இருபது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தேய்மானம். டிராக்டர் கடன் என்றால் பெரும்பாலும் 9 வருஷத் தவணை. வருஷத்துக்கு 15 சதவீதம் குறைந்துகொண்டே வரும் முறையில் கணக்குப் போட்டால், அந்த 9 வருஷ முடிவில் வண்டியின் புத்தக மதிப்பு 100க்கு 23 ரூபாய். மாமாவின் வண்டி ரெண்டேகால் லட்சத்துக்கு வாங்கியது. 27 வருஷம் கழித்து என் கணக்கில் அதன் மதிப்பு சுமார் 2,800 ரூபாய். அந்த 2,800 ரூபாய் வண்டிதான் போன குறுவைக்கும் தெருவில் பாதிப் பேர் வயலுக்குச் சேறு அடித்தது.

மாமா கிளம்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருத்தர் இருக்கிறார். மகர்பட்டாவில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் உட்கார்ந்து வெளிநாட்டு விவசாய எந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை. (புனேயில் இந்த வேலை செய்கிற நம்மாட்கள் நிறைய. ஜான் டியரின் பெரிய தொழில்நுட்ப மையமே மகர்பட்டாவில்தான், டிராக்டர் தொழிற்சாலை சனஸ்வாடியில்.) அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மாமா வண்டி எல்லாம் சுலபங்ணா. மாட்டுறதுக்கு ரொம்பக் கஷ்டமான பழைய வண்டி ஒண்ணு இருக்குது, பாக்குறீங்களா?" என்று செல்போனில் ஒரு படம் காட்டினார்.

பச்சை நிறத்தில் ஒரு ராட்சசன். நாலு சக்கரமும் ஒரே அளவு, ஆள் உயரம். வண்டி நடு இடுப்பில் மடங்கி நிற்கிறது, ரயில் பெட்டி கோத்த மாதிரி. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் வாசகர்கள் நெடுஞ்சாலையில் போகும்போது கோதுமை வயலில் இதைப் பார்த்திருப்பீர்கள். நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதன் பிறகு ஒரு மாதம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதே வேலை. வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம். படித்ததை உங்கள் தலையிலும் கட்டுகிறேன்.

முதலில், இது ஏன் மடங்குகிறது? சாதாரண டிராக்டரில் பின் சக்கரம்தான் பெரிசு, இழுப்பது அது. முன் சக்கரம் சின்னது, திரும்புவதற்கு மட்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் அமெரிக்க, கனடியக் குடியானவனுக்கு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கவேண்டும். நாலும் ஒரே அளவு பெரிசாகிவிட்டால் முன் சக்கரம் திரும்ப இடம் இல்லை. அதனால் சக்கரத்தைத் திருப்புவதை விட்டுவிட்டு வண்டியையே ரெண்டாக வெட்டி, நடுவில் பெரிய பின் போட்டு, ரெண்டு பக்கமும் ஹைட்ராலிக் சிலிண்டர் வைத்து மடக்கினார்கள். மடங்கும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வரும். ஈர மண்ணில் இது பெரிய வசதி.

1950களின் நடுவில் ஆரெகன் மாநிலத்தில் வாக்னர் சகோதரர்கள் இப்படி வண்டி விற்றார்கள். ஆனால் கதை சுவாரஸ்யமாவது மின்னசோட்டாவில். டக்ளஸ், மாரிஸ் ஸ்டைகர் என்று ரெண்டு அண்ணன் தம்பி. கடையில் கிடைக்கும் டிராக்டர் அவர்கள் நிலத்துக்குப் போதவில்லை. 1957-58 குளிர்காலத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மாட்டுக்கொட்டகைக்குள் உட்கார்ந்து தாங்களே ஒன்றைச் செய்தார்கள். கிடைத்த லாரி, மண் அள்ளும் எந்திரம் இவற்றின் உதிரிகளைப் போட்டு 238 குதிரைசக்தி எஞ்சினோடு ஒரு வண்டி. பக்கத்து நிலத்துக்காரன் எனக்கும் ஒன்று என்றான். அப்படியே வளர்ந்து 1969ல் ஃபார்கோ நகரத்துக்குக் கம்பெனியாகப் போனார்கள். 1986ல் கேஸ் ஐ.எச். வாங்கிக்கொண்டது. அந்த முதல் வண்டி இன்றும் வெஸ்ட் ஃபார்கோவில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பெரிய கம்பெனிகள் இதில் வழுக்கி விழுந்ததும் உண்டு. ஜான் டியர் 1959ல் 8010 என்று ஒரு மடங்கும் வண்டியைக் காட்டியது. கியர்பாக்ஸ் தாங்கவில்லை. விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிப் பழுது பார்த்து 8020 என்று பேர் மாற்றிக் கொடுத்தார்கள். விலையைக் கீழே கொண்டுவந்தது கனடாவின் வின்னிபெக்கில் பீட்டர் பக்கோஷும் மச்சான் ராய் ராபின்சனும் நடத்திய வெர்சடைல் கம்பெனி. 1966ல் அவர்களுடைய டி100, பத்தாயிரம் டாலருக்கும் கீழே. மச்சான் பேரில் 1977ல் 'பிக் ராய்' என்று எட்டுச் சக்கரம், 600 குதிரைசக்தியில் ஒரு பூதமும் செய்தார்கள். டிரைவருக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை என்று உள்ளே டிவி பெட்டி வைத்துக் கேமரா மாட்டினார்களாம், 1977லேயே! அது ஒன்றோடு நின்றுவிட்டது. சோவியத்தில் லெனின்கிராட் கிரோவ் ஆலையும் 1962லிருந்து கிரோவெட்ஸ் என்று மடங்கும் வண்டிகளைச் செய்து தள்ளியது.

இங்கே ஒரு வங்கிக்காரன் இடைச்செருகல். டிராக்டருக்கும் கடனுக்கும் நம் நாட்டில் பந்தம் ரொம்பப் பழசு. சுதந்திர இந்தியா உலக வங்கியிடம் வாங்கிய இரண்டாவது கடனே டிராக்டருக்குத்தான். 1949ல், 1 கோடி டாலர். மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரில் 'கான்ஸ்' என்ற நாணல் புல் ஆழமாக வேர் விட்டு நிலத்தைத் தரிசாக்கியிருந்தது. அதைப் புரட்டிப்போட கனமான எந்திரங்கள் வாங்கவே அந்தக் கடன். (முதல் கடன் ரயிலுக்கு.) இதை எனக்கு வேலையில் சேர்ந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் டிராக்டர் ஃபைலைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்திருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 40 அடி அகலக் கருவியை இழுத்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நேராகப் போகவேண்டும். திரும்பி வரும்போது போன தடத்தை ஒட்டி வரவேண்டும். கொஞ்சம் விலகினால் நடுவில் உழாத பட்டை நிற்கும். அதற்குப் பயந்து எல்லா டிரைவரும் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் ஓட்டுவான், நம்மூரில் ரொட்டவேட்டர் ஓட்டுகிறவன் மாதிரியே. 40 அடியில் 2 அடி உள்ளே தள்ளினால் 5 சதவீதம். 2,000 ஏக்கர்காரனுக்கு 100 ஏக்கர் ரெண்டு தடவை உழுத மாதிரி. டீசல், விதை, உரம் எல்லாம் ரெண்டு தடவை. தூசியிலும் இருட்டிலும் இன்னும் மோசம். நுரைக் கட்டிகளைத் தரையில் சொட்டவிட்டு அடையாளம் வைத்துப் பார்த்தார்கள், வட்டத் தகடால் கோடு கிழித்துப் பார்த்தார்கள்.

ஜிபிஎஸ் வந்தது ராணுவத்துக்கு. முதல் செயற்கைக்கோள் 1978ல் போனது. 1983ல் கொரிய விமானம் வழி தவறி சோவியத் வான்பரப்புக்குள் போய் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகுதான், இது பொதுமக்களுக்கும் இலவசம் என்று ரீகன் அரசு அறிவித்தது. ஆனாலும் வேண்டுமென்றே 100 மீட்டர் வரை பிழை கலந்துதான் கொடுத்தார்கள். 2000 மே முதல் தேதியோடு அந்தக் கலப்படத்தை நிறுத்தினார் கிளிண்டன்.

அதற்கு முன்பே சில பேர் பிழையைத் தாண்டும் வழி கண்டுவிட்டார்கள். இடம் தெரிந்த ஒரு புள்ளியில் இன்னொரு ரிசீவரை வைத்து, அது காட்டும் பிழையை ரேடியோவில் வண்டிக்கு அனுப்பிக் கழித்துக்கொள்வது. நம் பாஷையில் சொன்னால் ரீகன்ஸிலியேஷன். மருந்து தெளிக்கும் சின்ன விமானங்கள் 1990களில் இதை முதலில் எடுத்துக்கொண்டன. ஸ்டான்ஃபோர்டில் ஜிபிஎஸ்ஸின் தந்தைகளில் ஒருவரான பிராட்ஃபோர்டு பார்க்கின்சனிடம் இருந்த மாணவர்கள் 1994ல் ஒரு போயிங் 737ஐ 110 தடவை தானாகத் தரையிறக்கினார்கள். அங்கேயே மைக்கேல் ஓ'கானர் குழு 1996ல் ஒரு ஜான் டியர் டிராக்டரில் ஆண்டெனாக்களை மாட்டி, சில அங்குலத் துல்லியத்தில் தானாக ஓடவைத்தது. விமானத்தையே இறக்கியவனுக்கு டிராக்டர் எம்மாத்திரம் என்று தோன்றும். அங்கேதான் தப்பு. விமானத்துக்குக் காற்றுதான் எதிரி. டிராக்டருக்கு மேடு பள்ளம், சறுக்கல், பின்னால் இழுக்கும் கலப்பை, எல்லாவற்றுக்கும் மேல் தேய்ந்துபோன ஸ்டீயரிங்.

ஆரம்பத்தில் வந்த பெட்டி வெறும் விளக்கு வரிசைதான். டிரைவர் முன்னால் சிவப்பும் பச்சையுமாக எரியும். வலது பக்கம் எரிந்தால் வலது திருப்பு. வண்டியில் எதையும் அறுக்க வேண்டாம், கண்ணாடி முன்னால் வைத்தால் போதும், பழைய வண்டிகளில் நிறையப் பேர் வாங்கி வைத்தார்கள். 10 மீட்டர் பிழை காட்டும் சாதாரண ஜிபிஎஸ்ஸில் எப்படி ஒரு அடிக்குள் ஓட்டினார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. தம்பிதான் விளக்கினார். தராசுப் படிக்கல் 10 கிராம் குறைவு என்று வையுங்கள். அதே கல்லால் ரெண்டு பொருளையும் நிறுத்தால் எது அதிகம் என்பதில் தப்பு வராது. ஜிபிஎஸ் பிழையும் சட்டென்று மாறாது, மெதுவாக நகரும். போன சாலுக்கும் இந்தச் சாலுக்கும் நடுவில் பத்து நிமிஷம்தான். ரெண்டிலும் ஏறக்குறைய ஒரே பிழை. பக்கத்துச் சால் ஒட்டி வந்தால் போதாதா குடியானவனுக்கு! ஆனால் அடுத்த வாரம் அதே சாலுக்கு வரவேண்டும் என்றால் இது ஆகாது. அதற்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்.டி.கே. வேண்டும்.

2000களின் நடுவில் அடுத்த கட்டம். ஸ்டீயரிங் வளையத்தோடு ஒட்டி ஒரு சின்ன மோட்டார், அதன் நுனியில் ஸ்பாஞ்சு உருளை. பெட்டி சொன்னபடி உருளை சுழன்று வளையத்தைத் திருப்பும். நட்டு நாலு கழற்றினால் இன்னொரு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய வண்டிக்காரர்களுக்கு இது தீபாவளி. இங்கேதான் நம் மடங்கும் ராட்சசன் முரண்டு பிடித்தான்.

ஏன் என்று தம்பி எங்கள் சாப்பாட்டு மேஜையில் ரெண்டு தீப்பெட்டியை நூலால் கட்டிக் காட்டினார். சாதாரண வண்டியில் சக்கரத்தைத் திருப்பினால், வண்டி கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் கூரையில் இருக்கும் ஆண்டெனா பக்கவாட்டில் நகரும். மடங்கும் வண்டியில் நின்ற இடத்திலேயே மடக்கினாலும் முன்பாதி ஒரு பக்கம் சாய்ந்து ஆண்டெனா நகர்ந்துவிடும். பெட்டி, "ஆகா, வண்டி கோட்டை விட்டு விலகிவிட்டது" என்று நினைத்து எதிர்ப்பக்கம் திருப்பும். உண்மையில் கலப்பை கோத்திருக்கும் பின்பாதி வேறு திசையில் ஒதுங்கியிருக்கும். சாதாரண டிராக்டருக்கு எழுதிய கணக்கை அப்படியே போட்டால் வண்டி பாம்பு மாதிரி நெளியும்.

அது புது வண்டியில். நாற்பது வருஷ வண்டியில் இன்னும் ரெண்டு வியாதி. ஒன்று, நடு இடுப்புப் பின்னும் சிலிண்டர் முனைப் புஷ்ஷும் தேய்ந்து, மெக்கானிக்குகள் சொல்வார்களே, 'ப்ளே', அது நிறைய இருக்கும். பெட்டி மெதுவாகத் திருப்பும், வண்டி அசையாது. இன்னும் கொஞ்சம் திருப்பும், அசையாது. திடீரென்று ப்ளே முடிந்து, தேவைக்கு மேல் மடங்கும். இரண்டாவது, ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் எண்ணெய் உள்ளுக்குள் கசியும். அதனால் ஸ்டீயரிங் வளையம் எங்கே நிற்கிறது என்பதை வைத்து வண்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று சொல்லமுடியாது. காலையில் நேர் என்று இருந்த இடம் சாயங்காலம் நேர் இல்லை. ஆக, வளையத்தை நம்பாமல் இடுப்பிலேயே கோண அளவி ஒன்றை வைக்கவேண்டும். அது தூசியிலும் தட்டையிலும் அடிபடுகிற இடம். அதற்குத் தகரக் கவசம் அடித்து, வெல்டிங் வைத்து... சிலர் அதற்குப் பதில் கைரோவை வைத்து மடக்கத்தைக் கணக்கிலேயே பிடித்தார்கள்.

அப்புறம் சாய்வு. ஆண்டெனா மூன்றரை மீட்டர் உயரத்தில். நிலம் 5 டிகிரி சாய்ந்தால் ஆண்டெனா 30 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். சக்கரம் இருக்கும் இடம் ஒன்று, பெட்டி நினைப்பது இன்னொன்று. அதையும் கழிக்கவேண்டும்.

இதையெல்லாம் விலை கொடுத்து வாங்கும் கம்பெனிப் பெட்டிகள் தீர்த்தன. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. கனடாவில் அல்பர்ட்டா மாநிலத்துக் குடியானவர் பிரையன் டிஷ்லர், ஏஜிஓபன்ஜிபிஎஸ் என்று ஒரு மென்பொருளைத் தானே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டார். 2010களின் பிற்பாதி அது. மலிவான டேப்லெட், சின்ன மின்னணு அட்டை, அதே சமயம் விலை குறைந்து வந்த ஆர்.டி.கே. சிப், ஸ்டீயரிங்கைத் திருப்ப லாரியின் வைப்பர் மோட்டார். ஆமாம், மழைக்குக் கண்ணாடி துடைக்கும் அதே மோட்டார்! அந்த மென்பொருளைத் திறந்தால் உன் வண்டி எந்த வகை என்று கேட்கும். டிராக்டர், அறுவடை எந்திரம், மூன்றாவதாக மடங்கும் வண்டி. கொட்டகையில் பிறந்த வண்டிக்குக் கொட்டகையிலேயே செய்த கண்.

ஏன் இத்தனை பாடு, புதுசு வாங்கிவிட்டுப் போகலாமே? நான் மாமாவிடம் கேட்ட அதே கேள்வி. இங்கேதான் என் பி.காம். மூளை கொஞ்சம் கலங்கியது. பழைய ஸ்டைகரும் வெர்சடைலும் கடன் அடைந்த வண்டிகள். எஞ்சினைத் திறந்தால் உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும்தான். பழுதானால் வெல்டிங்காரன் போதும். புது வண்டியில் வழிகாட்டி உள்ளேயே பிறந்து வருகிறது, அதோடு பூட்டும் சேர்ந்து வருகிறது. ஒரு சென்சார் போனால்கூடக் கம்பெனியின் மென்பொருள் உள்ள டீலர் வந்தால்தான் வண்டி கிளம்பும் என்று அமெரிக்கக் குடியானவர்கள் பல வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். 2015ல் அங்கே பதிப்புரிமை அலுவலகம், சொந்த டிராக்டரின் மென்பொருளைப் பழுதுபார்க்கத் திறப்பது குற்றமில்லை என்று விலக்குக் கொடுத்தது. 2023ல் கொலராடோ மாநிலம் விவசாய எந்திரங்களுக்கென்றே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டியர் மீதே வழக்குப் போட்டது. கண்டவன் கைவைத்தால் பாதுகாப்பும் புகைக் கட்டுப்பாடும் கெடும் என்பது கம்பெனிகள் தரப்பு. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 300 குதிரைசக்தி வண்டி தப்பான உத்தரவில் ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவேண்டும்தான். ஆனால் பழைய வண்டியில் வெளியிலிருந்து மாட்டிய பெட்டி கெட்டால் அதை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டி வேலையை முடிக்கலாம். வண்டி உன்னுடையது. தேய்மானக் கணக்கில் அதற்கு மதிப்பு போடும் வரி எதுவும் கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

நம்மிடம் மடங்கும் டிராக்டருக்கு இடமில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். ஸ்டைகர் அதற்குள் திரும்பவே முடியாது. ஆனால் கண் வைக்கத் தேவையான சமாச்சாரம் ஒவ்வொன்றாக இங்கேயும் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதுவும் வேறு வேலைக்காக. விமானங்களுக்காக ககன் என்று இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து பிழை திருத்தும் சிக்னல் அனுப்புகின்றன. புனேயிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், புரந்தர் தாலுகாவில் சோனோரி என்ற கிராமம். வீட்டுமனைகளை ட்ரோனில் அளந்து சொத்து அட்டை கொடுக்கும் திட்டத்தை மகாராஷ்டிரம் பரீட்சித்துப் பார்த்த ஊர் அது. பின்னால் 2020ல் நாடு முழுக்க ஸ்வாமித்வா என்று வந்தது. அந்த அட்டைகளைக் கடன் ஃபைலில் நாங்கள் பார்க்கிறோம். அந்த அளவைக்காக சர்வே ஆஃப் இந்தியா மாநிலம் மாநிலமாக நிறுவிய நிலையான ஜிபிஎஸ் நிலையங்கள் சில சென்டிமீட்டர் துல்லியத்துக்குத் திருத்தம் அனுப்பக் கூடியவை. மனையை அளக்கும் அதே சிக்னல் சாலையும் நேராக்கும். பழுதுபார்க்கும் உரிமை பற்றியும் 2022ல் மத்திய நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாய எந்திரமும் ஒன்று.

மாமாவுக்கு இதையெல்லாம் போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். ஆறு அடி ரொட்டவேட்டரில் அரை அடி உள்ளே தள்ளி ஓட்டினால் எட்டு சதவீதம் வீண் என்று கணக்கும் சொன்னேன். அவர் சொன்னார்: "ஏழு ஏக்கருக்கு அந்தப் பெட்டி கட்டாது மாப்ளே, எனக்கே தெரியும். நான் கேட்டது வாடகைக்கு ஓட்டுறதுக்கு. நடவு மெஷின் வச்சிருக்கானே நம்ம தெருப் பையன், அவனும் நானும் சேந்து வாங்கினா மாத்தி மாத்தி மாட்டிக்கலாமில்ல? அதுக்கு லோன் குடுப்பீங்களா?"

அடுத்த நாள் ஆபீசில் சுற்றறிக்கைகளைப் புரட்டினேன். புது டிராக்டருக்குத் தலைப்பு உண்டு. பழைய டிராக்டர் வாங்கவும் வயசுக் கட்டுப்பாட்டோடு உண்டு. 27 வருஷ டிராக்டரில் மாட்டும் பெட்டிக்கு, அதுவும் ரெண்டு பேர் சேர்ந்து வாங்கி வண்டி மாற்றி வண்டி மாட்டுவதற்கு, நான் பார்த்த எதிலும் தலைப்பு இல்லை. ஈடு எது, வண்டியா பெட்டியா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். பதில் தெரியவில்லை. மேலிடத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. மாமா அதற்குள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்டீயரிங் பால் ஜாயிண்ட் ரெண்டையும் மாற்றிவிட்டாராம். "முதல்ல ப்ளேயை எடுக்கணும்னு நீதானே சொன்னே" என்கிறார்.